சுட்டது யார்? – ‘அந்த நாள்’ பற்றிச் சில குறிப்புகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் ‘அந்த நாள்’ படத்தின் கொலையாளி யார் என்பது வெளிப்படையாக வரும். படம் வந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இருந்தாலும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வரலாம். கட்டுரை எங்கேயும் போய்விடாது.

ஆரம்பித்தது ஒரு கார்ட்டூனில். போன லீவில் என் பெண் ‘த சிம்ப்ஸன்ஸ்’ பழைய எபிசோடுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மிஸ்டர் பர்ன்ஸை யாரோ சுட்டுவிடுகிற இரண்டு பாகக் கதை ஒன்று உண்டு. முதல் பாகம் 1995 மே மாதம் வந்தது. சுட்டது யார் என்ற விடை செப்டம்பரில்தான். நடுவில் அமெரிக்கா முழுக்கப் போட்டியெல்லாம் வைத்தார்கள். 1980இல் ‘டல்லாஸ்’ தொடரில் ஜே.ஆரைச் சுட்டது யார் என்று ஊரே மண்டையைப் பிய்த்துக்கொண்டதன் கிண்டல் அது. சுடப்பட்டவர் ஒரு சூரியக் கடிகாரத்தின்மேல் விழுந்து இரண்டு எழுத்துகளைத் தொட்டுக் காட்டுவார். பார்க்கிற நமக்கு ஓர் எழுத்தாகவும், தலைகீழாகக் கிடக்கிற அவருக்கு வேறு எழுத்தாகவும் தெரியும். அதுதான் துப்பு. இப்படிக் காட்சிக்குக் காட்சி எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்கள். என் பெண் அதையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கண்டுபிடித்துவிட்டு, “தமிழ்ல இந்த மாதிரி இருக்காப்பா?” என்று கேட்டாள்.

இருக்கு என்று ‘அந்த நாள்’ போட்டேன். அப்போதுதான் நான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு தப்பு எனக்கே உறைத்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் அப்போது வேலை பார்த்த ஆபீஸில் க்விஸ் நடத்துவேன். அதில் நான் தவறாமல் வைக்கிற கேள்வி: “பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படமான ‘அந்த நாள்’, எந்த ஜப்பானியப் படத்தின் தழுவல்?” விடை, ‘ரஷோமான்’. எல்லோரும் சரியாகச் சொல்வார்கள், நானும் பத்து மதிப்பெண் கொடுப்பேன். இந்த வலைப்பதிவிலேயே ஒரு பழைய பதிவில் ‘ரஷோமானைச் சுட்டு எடுத்த படம்’ என்று ஸ்டைலாக எழுதியும் வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அதற்கான பரிகாரம்.

ரஷோமான் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1952 ஜனவரியில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி, சென்னை, டெல்லி, கல்கத்தா என்று ஊர் ஊராகப் போனது. முந்தைய வருஷம் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியிருந்த குரோசாவாவின் ரஷோமான் அதில் திரையிடப்பட்டது. எஸ். பாலசந்தர் அதைப் பார்த்து அசந்துபோய், அந்தப் பாணியில் ஒரு நாடகம் எழுதினார் என்பதும், வானொலி அதை ஏற்கவில்லை என்பதும், பிறகு கதை ஏ.வி.எம். செட்டியாரிடம் போனது என்பதும் வழக்கமாகச் சொல்லப்படும் செய்திகள். (வானொலி நிராகரித்த கதையின் நாயகன் ரேடியோ என்ஜினியர் என்பதை யாரும் கவனித்தார்களா தெரியவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.) ஆகவே பொறி அங்கிருந்து வந்தது. ஆனால் இயந்திரம்?

ரஷோமானை ஒருமுறை மறுபடி பாருங்கள். காட்டில் ஒரு சாமுராய் இறந்து கிடக்கிறான். கொள்ளைக்காரன், மனைவி, ஆவியாக வந்து பேசும் சாமுராய், கடைசியில் விறகுவெட்டி என்று நாலு பேர் ஒரே சம்பவத்தை நாலு விதமாகச் சொல்கிறார்கள். விசித்திரம் என்னவென்றால், கொள்ளைக்காரன் “நான்தான் கொன்றேன்” என்று மார்தட்டுகிறான். மனைவி கையில் கத்தியோடு மயங்கி விழுந்ததாகச் சொல்லிப் பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். செத்தவன் “நானே குத்திக்கொண்டேன்” என்கிறான். அதாவது ஒவ்வொருவரும் கொலையைத் தனக்கென்று உரிமை கொண்டாடுகிறார்கள். உண்மை எது என்று படம் கடைசிவரை உறுதியாகச் சொல்வதும் இல்லை.

‘அந்த நாள்’ இதற்கு நேர் எதிர். ராஜன் (சிவாஜி) படம் தொடங்கிய சில நொடிகளிலேயே சுடப்பட்டு விழுகிறார். சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் (ஜாவர் சீதாராமன்) விசாரிக்க வருகிறார். பக்கத்து வீட்டு சின்னையா பிள்ளை, “தம்பி பட்டாபிதான் செய்திருப்பான், சொத்துத் தகராறு” என்கிறார். பட்டாபி தன் மனைவி ஹேமாமீதே சந்தேகப்படுகிறான். ஹேமா, ராஜனோடு தொடர்பிலிருந்த நாட்டியக்காரி அம்புஜத்தைக் காட்டுகிறாள். அம்புஜம் திரும்பவும் சின்னையா பிள்ளையைக் காட்டுகிறாள். புரோக்ராமர்களுக்குப் புரியும், இது ஒரு சர்க்குலர் லிங்க்டு லிஸ்ட். ஒவ்வொரு நோடும் அடுத்ததைச் சுட்டுகிறது, கடைசி நோடு முதல் நோடைச் சுட்டுகிறது, வெளியே போக வழியே இல்லை. இந்தச் சுற்றில் சேராமல் தனியாக நிற்கிற ஒரே ஆள் மனைவி உஷா (பண்டரிபாய்). எந்தச் சுட்டியும் போய்ச் சேராத அந்த நோடுதான் விடை. முதல் தடவை பார்க்கும்போது இது தெரியாது. இரண்டாம் தடவை பார்த்தால், “அட, கண்ணுக்கு முன்னாலேயே வைத்திருக்கிறாரே மனுஷன்” என்று தோன்றும்.

ஆக, ரஷோமானில் எல்லோரும் பழியை ஏற்கிறார்கள், இங்கே எல்லோரும் பழியைத் தள்ளிவிடுகிறார்கள். அங்கே ஒரே சம்பவத்துக்கு நாலு உருவம். இங்கே சம்பவத்தை யாரும் பார்க்கவே இல்லை. மாறுவது செத்த மனிதனின் உருவம்தான். ஒருவருக்கு அவன் ஈவிரக்கமில்லாத அண்ணன், இன்னொருத்திக்கு ஏமாற்றிய காதலன், உஷாவுக்குக் கல்லூரியில் பேச்சால் மயக்கிய புத்திசாலி. சிவாஜி ஒவ்வொரு வாக்குமூலத்திலும் கொஞ்சம் வேறு ஆளாக இருக்கிறார்.

இந்த அமைப்பு எங்கே இருக்கிறதென்றால், 1950இல் வந்த ‘த வுமன் இன் கொஸ்டின்’ என்ற பிரிட்டிஷ் படத்தில். ஆண்டனி ஆஸ்க்வித் இயக்கியது. ஜோசியம் சொல்கிற ஒரு பெண் கொல்லப்படுகிறாள். போலீஸ் ஐந்து பேரை விசாரிக்கிறது. வீட்டுப் பெண்மணி, தங்கை, தங்கையின் காதலன், பறவைக் கடைக்காரர், ஒரு மாலுமி. ஐந்து பேர் சொல்வதிலும் அவள் ஐந்து வேறு பெண்கள். ஜீன் கென்ட் ஐந்தையும் நடித்திருக்கிறார். முடிவில் யார் கொலையாளி என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். ‘அந்த நாள்’ இந்தப் படத்துக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று சினிமா வரலாறு எழுதுபவர்கள் முன்பே குறிப்பிட்டிருக்கிறார்கள். நான்தான் படிக்காமல் க்விஸ் நடத்தினேன்.

“சரி, ஜப்பானிலிருந்து சுடவில்லை, இங்கிலாந்திலிருந்து சுட்டார், அவ்வளவுதானே?” என்று கேட்கலாம். அந்தப் பிரிட்டிஷ் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அதில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. தேதி.

1943 அக்டோபர் 11. ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட நாள். படத்தில் ராஜன் சாவது அதற்கு மறுநாள். சின்ன வயதில் முதல்முறை டி.வி.யில் பார்த்தபோது இது கதைக்காகக் கட்டியது என்றே நினைத்தேன். சென்னையில் ஜப்பான் குண்டு போட்டதாவது! முதல் உலகப் போரில் எம்டன் கப்பல் வந்து சுட்டது எல்லோருக்கும் தெரியும். 1914 செப்டம்பர் 22 அன்று துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. உயர் நீதிமன்றச் சுவரில் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது, “அவன் பெரிய எம்டன்” என்று பேச்சிலும் வந்துவிட்டது. 1943க்கு அப்படி எதுவும் இல்லை. ஒற்றை விமானம், துறைமுகப் பக்கம் சில குண்டுகள், பெரிய சேதமில்லை. மறந்துவிட்டார்கள். எம்டன் ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போனது, ஜப்பான் விமானம் ஒரு சினிமாவை.

எங்கள் குடும்பத்தில் இதற்கு ஒரு சாட்சி உண்டு. மந்தைவெளியில் இருக்கும் என் பெரியப்பா. வயதைக் கேட்டால் வருஷம் சொல்ல மாட்டார். “ஜப்பான்காரன் குண்டு போட்டதுக்கு மறு வருஷம் பொறந்தவன்” என்பார். அதைக் குடும்ப ஜோக் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இந்தக் கட்டுரைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து கேட்டேன்.

“குண்டு போட்டப்போ யாரும் ஓடலடா. ஓடினதெல்லாம் அதுக்கு முன்ன வருஷம். எவாக்குவேஷன்னு சொல்லுவா எங்கம்மா. மயிலாப்பூரே காலி. ஒரு தெருவுக்கு நாலு வீட்ல வெளக்கு எரிஞ்சா ஜாஸ்தி. நாங்க கும்மோணம் பக்கம் போய்ட்டு ஏழெட்டு மாசம் கழிச்சு வந்தோமாம். வந்து ஒரு வருஷம் ஆனப்புறம், எல்லாரும் மறந்தப்புறம் வந்து போட்டுட்டுப் போறான்!”

அவர் சொன்னது தேதிகளோடு பொருந்துகிறது. 1942 ஏப்ரல் 5 கொழும்பு, 6 விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 திருகோணமலை. அடுத்தது சென்னைதான் என்று அரசாங்கமே நம்பியது. அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். சனங்கள் கிடைத்த ரயிலில் ஏறினார்கள். ரிப்பன் கட்டிடத்துக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம், புலி போன்றவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். வர வேண்டிய நேரத்தில் குண்டு வரவில்லை. வந்தபோது யாரும் கவலைப்படவில்லை. 1954இல் தியேட்டரில் உட்கார்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது சொந்த அனுபவம். நமக்கு எப்படி 2015 வெள்ளமோ அப்படி.

இனி வருவதைத்தான் நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ராஜன் ஏன் சாகிறான்? அவன் ஜப்பானுக்கு ரகசியம் விற்கிற உளவாளி. தன் ரேடியோ கண்டுபிடிப்புக்கு அரசாங்கத்தில் மதிப்புக் கிடைக்கவில்லை என்ற கசப்பு அவனை அங்கே கொண்டுபோய் விடுகிறது. உஷாவுக்கு அது தெரியவருகிறது. தடுக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. அவள் கையிலிருந்த துப்பாக்கி வெடிக்கிறது. கணவனா நாடா என்ற கேள்வியில் நாடு என்று நின்ற பெண். 1954 ரசிகனுக்கு இது தேசபக்திக் கதை.

ஆனால் 1943இல் எந்த நாடு? ஆண்டது பிரிட்டிஷ்காரன். ராஜன் காட்டிக்கொடுத்தது யாரை? படத்தின் தேதிக்குச் சரியாகப் பத்து நாள் கழித்து, அக்டோபர் 21, சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்கிறார், ஜப்பானின் துணையோடு. மலேயாவின் தோட்டத் தொழிலாளத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அவருடைய படையில் சேர்ந்துகொண்டிருந்த நேரம் அது. ஆக, “ஜப்பானுக்கு உதவுகிறவன் துரோகி” என்பது அன்றைக்கு அவ்வளவு நேரான வாக்கியம் இல்லை.

சிங்கப்பூர் வரைகூடப் போக வேண்டாம். நம் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த சென்னை மத்திய சிறையில், 1943 செப்டம்பர் 10 அன்று, அதாவது குண்டு விழுவதற்குச் சரியாக ஒரு மாசம் முன்னால், நாலு பேரைத் தூக்கிலிட்டார்கள். வக்கம் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங். பினாங்கில் பயிற்சி பெற்று இந்தியாவுக்குள் ரகசியமாக அனுப்பப்பட்டவர்கள். காதர் இருந்த குழு ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார்க் கரையில் இறங்கியது. பிரிட்டிஷ் சட்டப்படி எதிரியின் உளவாளிகள். இன்றைக்கு நமக்குத் தியாகிகள். அந்தச் சிறையையும் 2009இல் இடித்துவிட்டார்கள்.

ஒரு மாச இடைவெளியில், ஒரே ஊரில், ஒரே குற்றச்சாட்டு. சிறையில் செத்தவர்கள் தியாகி, ஸ்டூடியோவில் செத்தவன் துரோகி. பாலசந்தரும் ஜாவரும் இதைத் தெரிந்தேதான் கையாண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ராஜனுக்கு அவர்கள் கொள்கை எதையும் கொடுக்கவில்லை. காயம்பட்ட அகங்காரத்தைக் கொடுத்தார்கள், பணத்தைக் கொடுத்தார்கள், ஒரு கள்ளக்காதலையும் கொடுத்தார்கள். ராஜன் மட்டும் நேதாஜிக்காகச் செய்தேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் மொத்தப் படமும் சாய்ந்திருக்கும், உஷா செய்தது என்ன என்று சொல்லவே முடியாமல் போயிருக்கும். இது என் ஊகம். இதற்கு ஆவணம் கிடையாது. ஆனால் ஆஸ்க்வித் படத்திலும் குரோசாவா படத்திலும் இந்தக் கத்திமுனை நடை இல்லை. இதை எங்கிருந்தும் சுடவில்லை.

சரி, இனி உதிரிச் செய்திகள். கொலையாளி உஷாவாக வந்த பண்டரிபாய்தான் பிற்காலத்தில் ‘மன்னன்’ படத்தில் ரஜினியின் அம்மா. துப்பறியும் சிவானந்தமாக வந்த ஜாவர் சீதாராமன்தான் 1967இல் ‘பட்டணத்தில் பூதம்’ படத்தின் ஜீபூம்பா. இந்த இரண்டையும் சொன்னபோதுதான் என் பெண் நிஜமாகவே வாயைப் பிளந்தாள், குரோசாவாவுக்கெல்லாம் இல்லை.

ராஜன் வேடத்துக்குச் சிவாஜி முதல் தேர்வு இல்லை. கல்கத்தாவில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த என். விசுவநாதனை வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது செட்டியாருக்குத் திருப்தியில்லாமல் சிவாஜிக்கு மாற்றினார்கள். எடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுப்பதில் பாலசந்தருக்கு இஷ்டமில்லை என்பார்கள். 1954 ஏப்ரல் 13 அன்று படம் வெளியானபோது, அதே நாளில் சிவாஜியின் இன்னொரு படமும் வந்தது, ‘கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி’. அது பாட்டுள்ள காமெடி. ஒரே நாளில் ஒரே நடிகர், எந்த வரிசையில் கூட்டம் நின்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பெரியப்பா பத்து வயதுப் பையனாக ‘அந்த நாள்’ போயிருக்கிறார். எந்தத் தியேட்டர் என்று நினைவில்லை. “பாதியில ஒருத்தன் எழுந்து பாட்டு எங்கேன்னு கத்தினான். எல்லாரும் சிரிச்சா. எங்கப்பா மட்டும் சிரிக்கல, காசு போச்சேன்னு ஒக்காந்திருந்தார்.” அடுத்து வந்த தேசிய விருதுகளில் ‘மலைக்கள்ளன்’ வெள்ளிப் பதக்கம் வாங்க, இதற்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது.

பாட்டில்லாத படம் என்பதில் ஒரு சின்னத் திருத்தம். இந்தியாவிலேயே முதல் என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லை. இந்தியில் 1937லேயே ‘நவ்ஜவான்’ வந்துவிட்டது. தமிழில் முதல், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம், அதை எடுத்தவர் யார் என்று பார்த்தால். வீணை பாலசந்தர்! அண்ணன் எஸ். ராஜம், மயிலாப்பூர் நடுத்தெருவில் வாழ்ந்த ஓவியர், பாடகர். ‘சீதா கல்யாணம்’ படத்தில் ராஜம் ராமனாக நடிக்க, சின்னப் பையனாக பாலசந்தரும் அதில் தலைகாட்டினார். 1982இல் பத்மபூஷண். சங்கீதத்தில் ஊறிய வீட்டுப் பிள்ளை ஒரு பாட்டுக்கூட வேண்டாம் என்று படமெடுத்திருக்கிறார். இன்னொரு தற்செயல். 1951இல் அவர் இயக்கிய படத்தின் பெயர் ‘கைதி’. 2019இல் லோகேஷ் கனகராஜ் அதே பெயரில் எடுத்த படத்திலும் பாட்டு கிடையாது.

பாலசந்தர் பிற்காலத்தில் சங்கீத உலகில் பெரிய சண்டைக்காரர். சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கீர்த்தனைகள் உண்மையில் யாருடையவை என்று கேட்டு வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றார். அவர் சொன்னது சரியா தப்பா என்று சொல்லும் ஞானம் எனக்கில்லை. ஆனால் எது யாருடையது என்பதில் இவ்வளவு கறாராக இருந்த மனிதரைத்தான் நான் பத்து மதிப்பெண் கேள்வி ஒன்றில் காப்பியடித்தவராக்கி வைத்திருந்தேன். பழைய பதிவில் அந்த வரியை அடித்துவிட்டு, இந்தக் கட்டுரைக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன். அழிக்கவில்லை, தப்பு கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான்.

போன வாரம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மந்தைவெளி போய்ப் பெரியப்பாவுக்குப் படத்தை மறுபடி போட்டுக் காட்டினேன். எழுபது வருஷம் கழித்து முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். முடிந்ததும் அந்த நாலு பேர் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“இந்த ஊர்லயா? நம்ம ஜெயில்லயா?” என்றார். “எங்கம்மா வெளக்கணைச்சது, அரிசி கிடைக்காதது, கும்மோணத்துல கெணத்துத் தண்ணி, எல்லாம் சொல்லியிருக்காடா. இதை ஒருத்தரும் சொல்லலையே.”

பிறகு உஷா சுடுகிற இடத்தை மட்டும் இன்னொருதரம் போடச் சொன்னார்.